அறுக்காமல் விட்ட சரிவு

2022 ஏப்ரல் 14

இந்த நோட்டு ஆராய்ச்சிக்கு அல்ல. அதற்குத் தண்ணீர் புகாத அட்டை போட்ட தனி நோட்டு, பல்கலைக்கழகமே கொடுத்தது. இது சிவகிரியில் அண்ணன் கடையில் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்ட கோடு போட்ட நோட்டு. இதில் புலம்பலாம், திட்டலாம், பொய்யும் எழுதலாம். தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் இருநூறு மைலுக்கு இல்லை.

ஜப்பான் என்றதும் அம்மா கண்ணாடிக் கட்டடங்களை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இருப்பது மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் ஒரே ரோடு என்று இருக்கும் ஊர். பதினெட்டு வீடு, ஏழில்தான் ஆள். பாக்கியில் மூங்கில் குடியிருக்கிறது. ஆளில்லாத வீடுகளில் ஒன்றைத் துடைத்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை ஒரு குட்டி பஸ் வரும். அதை ஓட்டுபவர் குராமோச்சி-சான், அறுபத்தாறு வயது. (ஆணோ பெண்ணோ, பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு இங்கே 'சான்' போட வேண்டும்.) பஸ் ஓட்டாத நேரத்தில் நெல் போடுகிறார்.

வேலை இதுதான். படிப்படியாக இறங்கும் வயல்களின் வரப்பிலும் சரிவிலும் உள்ள செடி, பூச்சி, தவளை எல்லாவற்றையும் எண்ண வேண்டும். பாதி இடங்களில் ஊர்க்காரர்கள் வழக்கம்போல வருடத்துக்கு இரண்டு முறை புல் அறுப்பார்கள். பாதி இடங்களில் மூன்று வருடத்துக்கு அரிவாள் படக் கூடாது. எங்கே உயிர் அதிகம் என்று பார்ப்பது என் பொறுப்பு. எனக்கு விடை இப்போதே தெரியும். மனிதன் கையை எடுத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். சிவகிரியில் அப்பா வரப்பைச் செதுக்கு செதுக்கென்று செதுக்கிய லட்சணத்தை முப்பது வருடம் பார்த்தவள் நான்.

ஏப்ரல் 23

இடம் பிரிக்கும் கூட்டம். ஊரே வந்தது, அதாவது ஒன்பது பேர். இவர்கள் பேசும் மலைப்பேச்சை எழுதும்போது கை தானாக எங்கள் ஊர்ப்பேச்சுக்குத் தாவுகிறது. அப்படியே எழுதுகிறேன், என்ன இப்போ.

அறுக்கக் கூடாத இடங்களில் முதலாவதாக நான் தேர்ந்தெடுத்தது குராமோச்சி வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவு. வரைபடத்தில் பி-4. அங்கேதான் கிக்யோ என்கிற ஊதாப்பூ அதிகம். மொட்டு காற்று ஊதிய பை மாதிரி உப்பியிருக்கும், விரிந்தால் ஐந்து முனை. நாடு முழுக்க அருகிவரும் செடி. நல்ல இடத்தை விட்டுப் பார்த்தால்தானே விடுவதன் அருமை தெரியும்?

அவர் மனைவி தொக்கியே-சான் கையைத் தூக்கினார். "ஏம்மா வடிவு, அந்தச் சரிவுலதான நாங்க ஒபோனுக்குப் பூப் பறிப்போம். வேற எடம் பாக்கக் கூடாதா?"

ஒபோன் என்பது ஆகஸ்ட் நடுவில் வரும் நாலு நாள். செத்தவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு வைக்கும் பூவைக் கடையில் வாங்க மாட்டார்கள். அவரவர் சரிவில் பறித்ததுதான் வைக்க வேண்டும், முக்கியமாக இந்தக் கிக்யோ. நான் சொன்னேன், "தொடாம விட்டா இன்னும் நெறையப் பூக்கும்மா. ஒபோனுக்கு மட்டும் நீங்க பறிச்சுக்கலாம், அத ஒப்பந்தத்துலயே எழுதிருதேன்." எழுதியும் கொடுத்தேன்.

குராமோச்சி-சான் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். இங்கே கையெழுத்தெல்லாம் இல்லை; சிவப்பு மையில் குடும்பப் பெயர் முத்திரைதான். அதை ஊதி, அழுத்தி, எடுத்தார். "போட்டாச்சு. இனி மூணு வருசத்துக்கு நாம் பெத்த மவனே வந்து கேட்டாலும் அறுக்க மாட்டேன்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஜூன் 11

ஊர்கூடிப் புல் அறுக்கும் நாள். காலை ஆறு மணிக்கே இயந்திரங்கள் அலற ஆரம்பித்தன. ஜன்னலை அடைத்துக்கொண்டேன். பிறகு போய்ப் பார்த்தபோது மலை முழுக்கச் சவரம் செய்தாயிற்று. பி-4உம் அதுபோல் விட்ட மற்ற இடங்களும்தான் தாடியோடு நின்றன. குராமோச்சி-சான் நான் கட்டிய கயிறு வரை வந்து இயந்திரத்தை அணைத்து, அரையடிகூட மீறாமல் திரும்பியிருந்தார்.

ஆகஸ்ட் 12

கிக்யோ இருநூற்றுப் பன்னிரண்டு! அறுத்த சரிவுகளில் எங்கேயும் எழுபதைத் தாண்டவில்லை. பி-4இல் இடுப்பு உயரத்துக்கு ஊதா. பேராசிரியருக்குப் படம் அனுப்பினேன், ஆச்சரியக்குறியோடு பதில் வந்தது.

தொக்கியே-சான் கூடையோடு வந்து ஐந்து மட்டும் பறித்தார். "பாத்தீங்களா?" என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

"மொத வருசம் பூக்கத்தான் செய்யும். விருந்துக்கு வந்த மொத நாளு எல்லாரும் நல்லாத்தான் இருப்பாவ" என்று சிரித்தார். அவித்த சோளம் இரண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 30

அப்பா போனில், "தீவாளிக்கு வாறியா?" என்றார். கணக்கெடுப்பு இருக்கிறது என்றேன். "சரி" என்றார். பின்னாலிருந்து அண்ணன் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் புளியங்குடியாம், ஒரு தடவை வந்து நின்றால் போதுமாம். வந்து நின்றால் திரும்ப விட மாட்டார்கள். எனக்குத் தெரியாதா.

நவம்பர் 27

தொக்கியே-சான் முந்தாநாள் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தவர், அப்படியே உட்கார்ந்தவாக்கில் போய்விட்டார். இதயம். இன்று எரித்தோம். ஊரே நின்றது, அதாவது இப்போது எட்டுப் பேரும் நானும். எலும்பைக் குச்சியால் எடுத்துக் கலயத்தில் போடும் சடங்கில் என்னையும் நிற்கச் சொன்னார்கள். அந்நியப் பெண்ணுக்கு இவ்வளவு உரிமை எதற்கென்று தெரியவில்லை. நான் அழுததைப் பார்த்துக் குராமோச்சி-சான்தான் துண்டு கொடுத்தார்.

டிசம்பர் 20

பனி. ஒரு மீட்டர்.

2023 ஜனவரி 7

காலை நாலரைக்கு அண்ணன். அப்பா.

வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர், வரப்பில் சாய்ந்துவிட்டார். நாளை மாலை வரை வைத்திருப்பார்களாம். எட்டு மணிக்குள் நான் கிளம்பினால் முகம் பார்க்கலாம் என்றான்.

குராமோச்சி-சானுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன், பஸ் உண்டா என்று கேட்டேன். பனி மிகவும் அதிகம். பஸ் ஓடவில்லை. ரோடு அடைத்துவிட்டது. என்ன செய்ய முடியும்.

அண்ணனிடம் சொன்னேன். "சரி, வடிவு, நீ என்ன செய்வே" என்றான். திட்டியிருக்கலாம்.

ஜனவரி 8

விடிந்து கதவைத் திறந்தால், என் வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும் யாரோ நேற்றே பனியை வெட்டி வழி போட்டிருக்கிறார்கள். அதன் மேல் புதுப்பனி ஒரு விரற்கடை. காலடி எதுவும் இல்லை.

ஏன் போகவில்லை என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்குப் பனி என்றேன். அரிசி வடித்தேன். சாப்பிடவில்லை.

ஜனவரி 22

பதினாறாம் நாள் காரியம். போனில் காட்டினார்கள். அண்ணன் போனைச் சுவரில் சாய்த்து வைத்ததால் பாதி நேரம் மின்விசிறிதான் தெரிந்தது. அம்மா முகத்தைக் கிட்டே கொண்டு வந்து கேட்டாள், "ஏளா, அங்கன இன்னுமா பனி?"

"ஆமாம்மா."

"பதினாறு நாளாவா?"

மின்சாரம் போய்விட்டது என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 28

தவளை முட்டை எண்ணும் வேலை தொடங்கியது. குராமோச்சி-சான் தண்ணீர் நிறுத்தியிருக்கும் வயலில் நாற்பத்தொரு முட்டைக் கூட்டம். ஆள் போய்விட்ட வயல்களில் வெறும் சருகு, ஒன்றுகூட இல்லை. கை வைக்காத இடத்துக்குத்தான் தவளை போக வேண்டும் என்று என் ஆராய்ச்சித் திட்டத்தில் எழுதியிருக்கிறேன். தவளைக்கு ஆங்கிலம் தெரியாது போலிருக்கிறது.

ஏப்ரல் 20

பனி உருகிப் பி-4 வெளியே வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

போன வருடத்துப் புல்லெல்லாம் செத்துப் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கிறது. அதற்குள்ளிருந்து குட்டை மூங்கில் ஏறிவிட்டது. மறைவு கிடைத்தது என்று காட்டுப்பன்றி உள்ளே புகுந்து கிக்யோக் கிழங்கைத் தோண்டித் தின்றிருக்கிறது. பாயை விலக்கி விலக்கித் தேடினேன். முளை பத்தொன்பது. கீழே அறுத்த சரிவில் வெயில் தரையில் பட்டு முளைகள் வரிசையாக நிற்கின்றன, அங்கே அறுபத்தாறு.

மூன்று முறை எண்ணினேன். எண்ணினால் கூடும் என்று நினைத்த முதல் ஆராய்ச்சியாளர் நானாகத்தான் இருப்பேன்.

மே 3

இந்த ஆகஸ்ட் தொக்கியே-சானுக்கு முதல் ஒபோன் என்று பக்கத்து வீட்டு நிஷிகி-சான் சொல்லித்தான் உறைத்தது. எங்கள் ஊர்த் தலைத்திவசம் மாதிரி. மற்ற வருடம் எப்படிப் போனாலும் முதல் வருடம் குறை வைக்கக் கூடாதாம். பூ சொந்தச் சரிவில்தான் பறிக்க வேண்டும். குராமோச்சிக்குச் சொந்தச் சரிவு அது ஒன்றுதான்.

நேரே போனேன். பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஜூன்ல பி-4ஐ அறுத்துருங்க. அப்ப அறுத்தா மிச்சம் இருக்கதாவது ஆகஸ்டுல பூக்கும்."

"முத்திர போட்டுருக்கேன்."

"நான்தான கேட்டேன்? நானே சொல்லுதேன், வேண்டாம்னு."

"நீங்க கேட்டீங்கன்னு போடல. போட்டாச்சுன்னா போட்டதுதான். தொக்கியே முன்னாடி போட்டது." சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்தார். "பூ இல்லாட்டி இல்ல. அவ கோவிச்சுக்க மாட்டா."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. வம்புக்காரர், பிடிவாதக்காரர், கிறுக்கர் என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் யாரைத் திட்டினேன் என்று சந்தேகமாக இருந்தது.

மே 9

பி-4ஐ அறுக்கலாமா என்று கேட்டதற்குப் பேராசிரியரின் பதில்: சரிவு கெடுவதும் தரவுதான், இரண்டாம் வருடம்தான் விலைமதிப்பற்றது, தயவுசெய்து யாரும் கை வைக்க வேண்டாம். கை வைத்தால் அந்த இடத்தின் கணக்கு முழுதும் செல்லாது. என் பணியும் அதோடு கட்டியது, விசா பணியோடு கட்டியது. இதையெல்லாம் அவர் எழுதவில்லை. அறுக்கக் கூடாத இடத்தில் கை பட்டால் பொறுப்பு ஆராய்ச்சியாளருக்கு என்று ஒப்பந்தத்தின் ஏழாம் பத்தியில் இருக்கிறது, அந்தப் பத்தியை எழுதியதே நான்தான்.

அவருக்கு முத்திரை, எனக்கு ஏழாம் பத்தி. நடுவில் பன்றி மட்டும்தான் சுதந்திரமாக இருக்கிறது.

மே 28

அம்மாவிடம் பேச்சு வாக்கில் சரிவைப் பற்றிச் சொன்னேன்.

"வரப்ப அறுக்காம விட்டா கோரை ஏறாம என்ன செய்யும்? இதுக்கா படிச்சே?" என்றாள். "ஒங்கப்பா போனதுலேருந்து நம்ம வரப்பும் அப்படித்தான் கெடக்கு. ஒங்கண்ணனுக்குக் கடையே சரியா இருக்கு."

அப்பாவின் வரப்பில் பொன்னாங்கண்ணி உண்டு, வல்லாரை உண்டு, தும்பை உண்டு. தும்பை இருந்ததால் பட்டாம்பூச்சி. இவ்வளவும் அவர் செதுக்கிய வரப்பில்தான் இருந்தன என்பது எனக்கு இன்றுதான் படுகிறது. பட்டம் வாங்கி எட்டு வருடம் ஆகிறது.

ஜூன் 9

காலையிலிருந்து தூறல். எங்கேயும் போகவில்லை. வலது உள்ளங்கையில் மூன்று கொப்புளம், சட்டி சுட்டுவிட்டது.

ஆராய்ச்சி நோட்டில் எழுதியது: பி-4, அறுக்கப்படாதது.

ஜூலை 15

பி-4இல் மிச்சம் ஏழு. வெயில் விழுகிறது. மொட்டு கட்டுகிறதா என்று தினமும் போகிறேன். பார்வையிடத்தான்.

ஆகஸ்ட் 12

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஏழரைக்கு மேல், பஸ் விடுமுறை என்பதால், குராமோச்சி-சான் தொக்கியே-சானின் கூடையை எடுத்துக்கொண்டு சரிவேறினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு நிற்க முடியாமல் பின்னாலேயே போனேன்.

பி-4இன் நடுவில், கயிற்றிலிருந்து உள்ளே தள்ளி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, ஒரு பாய் அகலத்துக்குப் புல் இல்லை. அங்கே ஏழு செடி. மூன்றில் பூ. அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். பூவைப் பார்க்கவில்லை, வெட்டிய மூங்கில் அடியை விரலால் தடவினார். எல்லாம் ஒரே சாய்வாக, ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டிருந்தன.

"யாரு அறுத்தா?"

"மான்" என்றேன்.

"மான்."

"இங்க மான் நெறைய இருக்குல்லா."

"இருக்கு." வெட்டுவாயை மறுபடி தடவினார். "மான்தான். அருவாள இடது பக்கம் சாச்சுப் பிடிக்கிற மான்."

இடது பக்கம் சாய்த்து அறுப்பது எங்கள் அப்பாவின் பழக்கம். நான் அவரிடம் அரிவாள் வாங்கிப் பிடித்தது பத்து வயதில், ஒரே ஒரு கோடை. கை மறக்கவில்லை.

அவர் தொக்கியே-சானுக்கு என்று இரண்டு பூவை நறுக்கிக் கூடையில் வைத்தார். மூன்றாவதையும் நறுக்கினார். அதை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இது ஒங்க அப்பாவுக்கு. ஜனவரி ஏழாந்தேதி பனி ஜாஸ்தி. பஸ் ஓடல. அதனால ஒங்களால போக முடியல. நான்தான டிரைவர், யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

அவர் முகத்தில் கேலி இல்லை. குத்தலும் இல்லை. ஏழு மாதமாக எனக்காக அந்தப் பொய்யை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், இன்றைக்கு மானையும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். சொன்ன சொல்லிலிருந்து அரையடி மீறாத மனிதர். எனக்காக இரண்டு பொய். அந்தப் பூவை வாங்கிக்கொண்டால் இரண்டும் என்றைக்கும் என்னோடு இருக்கும் என்று தோன்றியது, கை நீளவில்லை.

"பஸ் ஓடுச்சு" என்றேன். "ஏழு நாப்பது பஸ். நீங்கதான் ஓட்டுனீங்க. எங்க வாசலுக்கு வழியும் நீங்கதான் வெட்டுனீங்க. பஸ் நிறுத்தத்துல அஞ்சு நிமிசம் காத்துக்கிட்டு நின்னீங்க. நான் வெளக்க அணைச்சிட்டு உள்ள இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்" என்றார். "ஏழு நிமிசம்."

நான் அங்கேயே வெட்டிய புல் மேல் உட்கார்ந்து அழுதேன். போனால் அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, என் அப்பா முகத்தைப் பார்க்கப் போகாதவள் நான். இதற்கு மேல் என்னை யார் அடைக்க வேண்டும்? அவர் பூவை நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13

தொக்கியே-சான் படத்துக்கு முன்னால் கிக்யோ இரண்டு. என் சமையலறையில், டீ டம்ளரில் ஒன்று. அப்பாவின் போட்டோ என்னிடம் இல்லை. அவர் போனில் அனுப்பிய வரப்புப் படம் ஒன்று இருந்தது, ஓரத்தில் அவர் நிழல். அதை எதிரில் வைத்தேன்.

பிறகு பேராசிரியருக்கு எழுதினேன். "பி-4, ஜூன் 9 காலை, நடுப்பகுதி ஆறடிக்கு மூன்றடி, அரிவாளால் அறுக்கப்பட்டது. அறுத்தது நான். குராமோச்சி குடும்பத்துக்கு இதில் தொடர்பில்லை. பி-4இல் அறுத்த பகுதியில்தான் பூ. அறுக்காத பகுதியில் ஒன்றுகூட இல்லை." ஆராய்ச்சி நோட்டையும் திருத்தினேன்.

அடுத்து அம்மாவுக்குப் போன் செய்து, பனி இல்லை என்று சொன்னேன். "எனக்குத் தெரியும்ட்டி" என்றாள். இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 25

பல்கலைக்கழகக் கடிதம். பி-4 ஒப்பந்தம் ரத்து. என் பணி மாத இறுதியோடு முடிகிறது. பேராசிரியர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: அறுத்த பகுதியின் படங்கள் கிடைக்குமா? அனுப்பி வைத்தேன்.

ரத்துக் கடிதத்தின் நகலைக் குராமோச்சி-சானிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரை எங்கே என்று தேடினார். கீழே சிவப்பில் இருந்ததைக் காட்டினேன். தலையை ஆட்டி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ஆகஸ்ட் 31

பெட்டி கட்டியாயிற்று. அப்பாவின் தலைத்திவசத்துக்கு இன்னும் நாலு மாதம். புளியங்குடி மாப்பிள்ளை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாராம். அந்தச் சண்டையை அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறேன். போட்டுவிட்டு அப்பாவின் வரப்பில் அரிவாள் பிடிக்க வேண்டும், தும்பை இருக்கும்போதே.

மணி ஆறு. பி-4 பக்கமிருந்து இயந்திரச் சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு இயந்திரம். நடுவில் வந்ததும் சத்தம் நின்றது. அந்த ஏழு செடியைச் சுற்றிக் கையால் அறுக்கிறார் போலிருக்கிறது. மறுபடி தொடங்கிவிட்டது. இன்றைக்கு நான் ஜன்னலை அடைக்கவில்லை.

பஸ் ஏழு நாற்பதுக்கு. ஆறரைக்குள் அறுத்து முடித்துக் குளித்துவிட்டு வர வேண்டும் என்று அவசரமாக அறுக்கிறார். ஓட்ட வேண்டியவர் அவர்தானே.